வாரேன் என்று சொன்ன குற்றம்

உங்களுக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். வெண்பனி ஃப்ரிட்ஜ் கம்பெனிக்குப் போன் போட்டால் மரியாதையாக மட்டும் பேசிவிடாதீர்கள். எரிந்து விழுங்கள், திட்டுங்கள், அவர்கள் பரம்பரையையே இழுங்கள், ஒன்றும் ஆகாது. மரியாதை காட்டினீர்களோ, தொலைந்தீர்கள். நான் காட்டினேன்.

என் பெயர் சிலுவைமுத்து. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லுக்கும் குஜிலியம்பாறைக்கும் நடுவில் நான் தொண்டை கிழியக் கத்தாத நிறுத்தம் கிடையாது. ஓய்வு பெற்றவனின் வாழ்க்கையைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. காலையில் மலைக்கோட்டை பக்கம் ஒரு நடை, டீக்கடையில் பேப்பர், மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் மார்க்கெட்டில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பென்ஷன் வாங்குகிற மனுஷனின் முழுநேர வேலை கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் பார்த்து எங்கள் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. பால் திரிந்தது, மாவு பொங்கி வழிந்தது, அதெல்லாம் போகட்டும். என் மனைவி சகாயசெல்விக்குச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்து குளிரில் இருக்க வேண்டும், இந்த வெயிலில் வெளியே வைத்தால் தண்ணீர்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா தன் ஃப்ரிட்ஜில் இடம் கொடுத்தாள்.

"இதுக்கு எதுக்குக்கா கேட்டுக்கிட்டு? கொண்டாந்து வைங்க. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை நாங்க கம்பம் போறோம். மகளுக்குப் பிரசவம். திரும்பி வர ஒரு மாசமாகும்."

"அதுக்குள்ள மெக்கானிக் வந்துருவாரு அஜீசு" என்றாள் சகாயசெல்வி, ஏதோ மெக்கானிக் அவளுடைய சித்தப்பா மகன் மாதிரி.

அன்றைக்கே போன் போட்டேன். மனுஷர் யாரும் எடுக்கவில்லை. ஒரு குரல் எடுத்தது.

"வணக்கம். வெண்பனிக் குடும்பத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்பது உங்கள் தேன்மொழி. தங்கள் குறையைத் தங்கள் சொந்தத் தமிழில் கூறலாம். தாங்கள் கூறும் ஒவ்வொரு சொல்லையும் நாங்கள் கேட்கிறோம்."

"ஃப்ரிட்ஜு போயிருச்சு தாயி."

"தங்கள் குளிர்சாதனப் பெட்டி எங்கே போயிருக்கிறது?"

"எங்கயும் போகல. அடுப்படியிலதான் நிக்கிது. போயிருச்சுன்னு சொல்றேன்."

"பெட்டி போயிருக்கிறது. ஆனால் நிற்கிறது. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?"

"ஓடல தாயி, ஓடல!"

"மகிழ்ச்சி. தங்கள் பெட்டி எங்கும் ஓடிவிடவில்லை. வேறு குறைகள் உள்ளனவா?"

குளிரவில்லை, ஜில்லுன்னு இல்லை, உள்ளே லைட் எரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் அவளுக்குப் புரிய வைத்தபோது எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கு வருவார் என்றாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில், வேலை முடிந்து கிளம்புகிற எந்த மனுஷனும் சொல்வதைச் சொன்னேன்.

"ரொம்ப நல்லது தாயி. அப்ப நான் வாரேன்."

மறுநாள் மெக்கானிக் வரவில்லை. ஒரு குறுஞ்செய்திதான் வந்தது. 'தாங்கள் நேரில் வர முன்வந்தமைக்கு நன்றி. வீட்டு வருகை ரத்து செய்யப்பட்டது. தங்கள் குறை தீர்க்கப்பட்டதாகப் பதிவு செய்யப்படுகிறது.'

என்னடா இது கூத்து என்று திரும்பவும் போன் போட்டேன். திரும்பவும் போயிருச்சு, நிக்கிது, ஓடல. திரும்பவும் நாளைக்கு ஆள் வரும் என்றாள். திரும்பவும் "வாரேன் தாயி." திரும்பவும் அதே நன்றி. அதற்கு அடுத்த நாளும் இப்படியே. அவர்கள்தான் பதிலை மாற்றவில்லை என்றால் நானும் என் நல்ல பழக்கத்தை விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அஜீஸுன்னிசா தினமும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மெக்கானிக் வந்தாராக்கா?" என்று கேட்பாள். "நாளைக்கு" என்று சகாயசெல்வி சொல்வாள். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

சரி, நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று பைபாஸ் ரோட்டிலிருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் போனேன். சர்வீஸ் சென்டர் என்று எழுதியிருக்கும் என்று பார்த்தால், 'வெண்பனி உறவகம்' என்று போர்டு. வாசலில் ஒரு பலகை. அதில் சிரிக்கிற முகம், ரொம்பச் சிரிக்கிற முகம், கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் என மூன்று பொம்மைகள். ஒன்றை அமுக்கினால்தான் கதவு திறக்கும். அழுகிற முகம் இல்லையா என்று காவலாளியிடம் கேட்டேன். "முன்னாடி இருந்துச்சு சார். எல்லாரும் அதையே அமுக்கி பட்டன் தேஞ்சு போச்சு. எடுத்துட்டாங்க" என்றார். நான் சிரிக்கிற முகத்தை அமுக்கி உள்ளே போனேன்.

கவுண்டரில் பவித்ரா என்ற பெண். நல்ல பிள்ளைதான். என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜு எங்க சார்?" என்றாள்.

"வீட்லம்மா."

"கொண்டு வாரேன்னு சொல்லியிருக்கீங்களே?"

"யாரு, நானா? எந்தப் பய சொன்னான்?"

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். என் குரல் அந்த ஏசி ஹாலில் கணீரென்று கேட்டது. 'அப்ப நான் வாரேன்.' அடுத்ததைத் தட்டினாள். 'வாரேன் தாயி.' அடுத்தது. 'சரித்தா, வாரேன்.' உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனைப் பார்ப்பதுபோல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏம்மா, வாரேன்னா போறேன்னு அர்த்தம்மா!"

"எனக்குத் தெரியும் சார். தேன்மொழிக்குத் தெரியாதே. நீங்க மேனேஜரப் பாருங்க."

மேனேஜர் விக்னேஷ்குமார். சின்ன வயசு, பெரிய கடிகாரம். என்னை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

"சார், நாங்க ஒரு லிசனிங் கம்பெனி" என்று ஆரம்பித்தார். "கஸ்டமர் என்ன சொல்றாரோ அதை மட்டும் கேப்போம். அவர் மனசுல என்ன நினைக்கிறாருன்னு யோசிக்க ஆரம்பிச்சா, அது அவர் சொந்த விஷயத்துல தலையிடற மாதிரி. முன்னாடி இங்க மனுஷங்கதான் சார் போன் எடுத்தாங்க. கஸ்டமர் சொல்றது அவங்களுக்குப் புரிஞ்சுது. அதுல என்ன கஷ்டம்னா, புரிஞ்சுட்டா வேலை செய்ய வேண்டியிருக்கு. தேன்மொழி வந்ததுக்கப்புறம் அன்னன்னிக்கு வர்ற கம்ப்ளைன்ட் அன்னன்னிக்கே குளோஸ். மதுரை, திண்டுக்கல், தேனி மூணும்தான் இப்ப தமிழ்நாட்டுலயே எங்களோட பெஸ்ட் ஏரியா."

"எப்படி சார்?"

"மெட்ராஸ்காரங்க 'பை'ன்னு சொல்லி வச்சிடறாங்க. அங்கெல்லாம் மெக்கானிக்கை அனுப்பித்தான் தீரணும். செலவு. உங்க ஊர் ஜனங்க தங்கம் சார். எம்புட்டுக் கோவமா பேசினாலும் கடைசில ஒரு வார்த்தை 'வாரேன்'னு சொல்லிட்டுத்தான் வைக்கறாங்க. போன வருஷம் எங்க பிராஞ்சுக்கு ஷீல்டு கிடைச்சுது."

ஷீல்டைக் காட்டினார். பளபளவென்று இருந்தது.

அந்த நேரம் பவித்ரா கைப்பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். "சார், டைமாச்சு. நான் வாரேன் சார்." இவர் தலையாட்டினார். அவள் படியிறங்கிப் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

"அந்தப் பிள்ளை இப்ப என்ன சார் சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"கிளம்பறேன்னு சொல்லுது."

"வாரேன்னுல்ல சொல்லுச்சு?"

விக்னேஷ்குமார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், அது ஸ்டாஃப். நீங்க கஸ்டமர்."

கடைசியில் அவரே வழியும் சொன்னார். நேரில் வருவதாக நான் கொடுத்த வாக்கு பாக்கி நிற்கிறதாம். நான் ஃப்ரிட்ஜோடு ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பதிவு முடியும். பிறகு புதிதாகப் போன் போட்டு, வீட்டுக்கு ஆள் கேட்கலாம். மறுநாள் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, ஃப்ரிட்ஜைக் கட்டி ஏற்றி, அதை ஒரு கையால் அணைத்தபடி பின்னால் நின்றுகொண்டே போனேன். டீக்கடையில் இருந்தவர்கள், "என்னண்ணே, புதுசா?" என்று விசாரித்தார்கள். உறவக வாசலில் காவலாளி வண்டியை மறித்தார். "பெரிய சாமானெல்லாம் உள்ள விடக்கூடாது சார். இதுக்கு வீட்டுக்குத்தான் ஆள் வருவாங்க." பவித்ரா வெளியே ஓடிவந்து வண்டியை எட்டிப் பார்த்து, "வந்ததாப் போட்டுட்டேன் சார், நீங்க கொண்டு போகலாம்" என்றாள். ஃப்ரிட்ஜும் நானும் வெயிலில் ஊர்வலம் போய் வீடு திரும்பினோம்.

"இனி பேசி முடிக்கறப்ப 'போறேன்'னு சொல்லுங்க சார், அவ்ளோதான்" என்று விக்னேஷ்குமார் சொல்லியிருந்தார். அவருக்கு அது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது அவ்வளவு லேசான சொல் கிடையாது. போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது ஐசியு வாசலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டியவள் சகாயசெல்வி. வாசல்படியில் நின்று 'போறேன்' என்று பால்காரர் சொன்னால்கூட, "வாரேன்னு சொல்லுப்பா" என்று திருத்தி அனுப்புகிறவள். நான் கூடத்தில் மெல்ல வாய்க்குள் சொல்லிப் பழகியது அவள் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க இப்ப?"

"ஒண்ணுமில்ல. கம்பெனிக்காக..."

"அந்த வார்த்த இந்த வீட்டுல கேக்கக் கூடாது, ஆமா சொல்லிட்டேன். எனக்கு ஊசி இல்லாட்டியும் பரவால்ல."

எனவே வேறு வழிகளைப் பார்த்தேன். பேசி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் போனைக் கட் செய்தேன். 'உரையாடல் நிறைவு பெறவில்லை, குறை பதிவாகவில்லை' என்று செய்தி வந்தது. மறுபடி போட்டு, "சரி தாயி, வச்சிர்றேன்" என்றேன். "தாங்கள் எதை வைக்க விரும்புகிறீர்கள்? காய்கறியா, பால் பொருளா, இறைச்சியா?" என்று கேட்டாள். அடுத்தமுறை, "பாப்போம்" என்றேன். புது மாடல் ஃப்ரிட்ஜுகளைப் பார்க்க விரும்பியதற்கு நன்றி சொல்லி, ஷோரூமிலிருந்து ஒருவன் விடாமல் போன் போட ஆரம்பித்துவிட்டான். அவன் மட்டும் நான் கூப்பிடாமலேயே கூப்பிட்டான்.

புதன்கிழமை சகாயசெல்வி கோயிலுக்குக் கிளம்பினாள். நான் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஏதோ திருட்டுக் காரியம் செய்கிறவன் மாதிரி போன் போட்டேன். எல்லாம் சொல்லி முடித்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன்.

"சரி தாயி. நான் போறேன்."

பிறகு மெல்ல வீணை வாசிக்கிற சத்தம் கேட்டது.

"தங்கள் வயதையும் தங்கள் சொல்லையும் கருத்தில் கொண்டோம். தாங்கள் எங்களை விட்டுப் போவதறிந்து வெண்பனிக் குடும்பம் ஆழ்ந்த துயரம் கொள்கிறது. தங்கள் உத்தரவாதம் தங்கள் வாரிசுக்கு மாற்றப்படும். தங்கள் ஆன்மா குளிர்ச்சியாக இளைப்பாறட்டும்."

"ஏய்! ஏய் தாயி! நான் இருக்கேன்!" என்று கத்தினேன். வீணைதான் கேட்டது.

இவ்வளவு நாள் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு வரத் துப்பில்லாத கம்பெனி, மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் மலர்வளையத்தை அனுப்பிவிட்டது. சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, நடுவில் வெண்பனி முத்திரை. கொண்டு வந்தவன் வாசலில் நின்று, "சிலுவைமுத்து இறந்த வீடு இதுதானே?" என்றான்.

"இதுதான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான்தாம்ப்பா அவரு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வளையத்தைப் படியில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். உள்ளேயிருந்து வந்த சகாயசெல்வி அதிலிருந்த என் பெயரை வாசித்தாள். நான் மொட்டை மாடியில் செய்ததை மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் அந்த வளையத்தை இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டு வந்தாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் 'டங்'கென்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அஜீஸுன்னிசா வீட்டு வாசலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. சாவியைக் கேட்டால் கொடுப்பாள்தான். ஆனால் ஆளில்லாத வீட்டுச் சாவியை நாமாக எப்படிக் கேட்பது என்று சகாயசெல்வி ஒரே பிடிவாதம். இன்சுலினை ஈரத் துணியில் சுற்றி மண்சட்டியில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பைக் சத்தம்.

வெண்பனிச் சட்டை போட்ட ஒரு ஆள். பெயர் பாண்டியராஜ், ஊர் கன்னிவாடி. கையில் உண்மையான கருவிப்பை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆறுதல் சேவைம்மா" என்றார் சகாயசெல்வியிடம். "வீட்ல துக்கம்னா எங்க கம்பெனில உடனே ஆள் அனுப்பிருவாங்க. இது யாரு, பெரியவரோட தம்பியா?"

"நான்தாங்க பெரியவரு."

பாண்டியராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "தேன்மொழி வேலையா? இந்த மாசத்துல நீங்க எத்தனாவது ஆளுன்னு எனக்கே தெரியல சார். சரி விடுங்க, உள்ள சர்க்யூட் போர்டுதான் போயிருக்கும், செத்த நேர வேலை. ஆனா ஒரு நம்பர் வேணும். அது ஆப்ல வந்தாத்தான் புது போர்டு வேலை செய்யும். அதுக்கு வாரிசு போன்ல பேசணும். அம்மா, நீங்க 'என் கணவர் போய்விட்டார்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்."

"மாட்டேன்" என்றாள் சகாயசெல்வி.

"செல்வி, சும்மா சொல்றதுதான. நான் இங்கதான நிக்கிறேன்."

"சும்மாகூட மாட்டேன்."

"உன் ஊசிக்குத்தாம்மா சொல்றேன். அஜீசு கிளம்பப் போறா."

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். இத்தன வருசம் உங்களுக்காக ஜெபம் பண்ண வாய் இது. அந்த வாயால அதச் சொல்லணுமா நானு?"

பாண்டியராஜ் பையைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சகாயசெல்வி கொஞ்சநேரம் ஃப்ரிட்ஜையே முறைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வீட்டுல தீப்பெட்டி இல்ல. கடைக்குப் போயி வாங்கிட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். போங்க."

எனக்குப் புரிந்தது. கெட்டிக்காரி! செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கடைவரை போகவில்லை, மதிலுக்கு வெளியே நின்றுகொண்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"வணக்கம். தங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம். தங்கள் கணவர் எங்கே?"

"அவரு போயிருக்காரு" என்றாள் சகாயசெல்வி, ஒவ்வொரு எழுத்தாக. பொய்யுமில்லை, அபசகுனமுமில்லை. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"நன்றி. கணவர் போயிருக்கிறார். அவர் இனி ஒருபோதும் திரும்பி வரமாட்டார் என்பதை உறுதிசெய்ய, 'ஆம்' என்று கூறவும்."

தேன்மொழி மறுபடியும் கேட்டாள்.

"ஆம் என்று கூறவும்."

"அம்மா, ஆம்னு சொல்லிருங்கம்மா" என்று பாண்டியராஜ் கெஞ்சுவது கேட்டது. "ஒரே வார்த்ததாம்மா."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு என்று மனசுக்குள் சொன்னேன். சொல்லிவிடாதே என்றும் சொன்னேன், பொய் எதற்கு.

"அவர் இனி ஒருபோதும் திரும்பி..."

"வருவாரு!" என்று சகாயசெல்வி கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எவடி சொன்னா வரமாட்டாருன்னு? இப்ப வருவாரு! தீப்பெட்டி வாங்கத்தான் போயிருக்காரு! நீ நாசமாப் போக, அவரு வருவாருடி!"

அதற்குப் பிறகும் நான் வெளியே நின்றால் மனுஷனே இல்லை. வேகமாக உள்ளே போனேன். சகாயசெல்வி முகமெல்லாம் கண்ணீராக, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இந்தா, வந்துட்டாருடி, பாரு!" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மிக்க மகிழ்ச்சி" என்றாள் தேன்மொழி. "வாடிக்கையாளர் நேரில் வருவதாக உறுதியளித்தமைக்கு நன்றி. வீட்டு வருகை ரத்து செய்யப்பட்டது."

பாண்டியராஜ் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். "ஒரு நிமிசம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா சார்" என்றார், பாவம். அந்த நம்பர் இல்லாமல் தொட்டால் தன் வேலை போய்விடும் என்று சொல்லி, எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. கோபப்படுவதற்கு அந்தக் கம்பெனியில் வேறு மனுஷர் யாரும் கைக்குச் சிக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

சத்தம் கேட்டு அஜீஸுன்னிசா ஓடிவந்திருந்தாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"அட என்னக்கா நீங்க! இம்புட்டு நாளா நாளைக்கு நாளைக்குன்னு எங்கிட்டச் சொன்னது இதத்தானா? ஒரு வார்த்த கேட்டா என்ன, தேஞ்சா போயிருவீங்க?" இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். "ஃப்ரிட்ஜு ஓடட்டும், நான் அணைக்கல. வாங்க, எந்தச் சாவி எதுக்குன்னு காட்டுறேன்."

சகாயசெல்வி வலது கையால் சாவியை வாங்கிக்கொண்டாள். இடது கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் என்னைவிட்டு நாலடி தள்ளி நடந்தவள். ஆட்டோக்காரரும் அக்கம்பக்கத்துக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. பிடித்த பிடியை விடாமலே அஜீஸுன்னிசா வீட்டை நோக்கி நடந்தாள். பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. நான் வாயைத் திறக்காமல் கூடவே போனேன்.